பெங்குவின்கள் திரும்பிப் பார்த்தன

கப்பலில் முதல் காலை உணவின்போதே ஒரு தவறு செய்தேன். தேநீர் வேண்டியிருந்தது, பரிமாறுகிறவர்கள் யாரும் அருகில் இல்லை. என் உதடுகள் தாமாகவே குவிந்து, நீளமாக ஒரு முத்தச் சத்தம் எழுப்பின. ரங்கூனின் தேநீர்க்கடைகளில் ஆளைக் கூப்பிட அதுதான் வழி. அங்கே அதற்கு யாரும் தலை நிமிர்வதுகூட இல்லை. இங்கே நான்கு மேசைகள் அமைதியாகிவிட்டன.

எதிரில் இருந்தவர் ஆஸ்திரேலியப் பெண்மணி, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். கரண்டியைக் கீழே வைத்தார்.

“அது எனக்கா?” என்று கேட்டார்.

நான் விளக்கம் சொல்லத் தொடங்குவதற்குள், கூடத்தின் மறுகோடியில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் கயிறு கட்டி இழுத்ததுபோலத் திரும்பினார். “லா பீ!” என்று குரல் கொடுத்தபடி பாதித் தூரம் வந்தும்விட்டார். பர்மிய மொழியில், இதோ வந்துவிட்டேன் என்று பொருள். அப்புறம்தான் தான் எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். நடுக்கூடத்தில் நின்று, சத்தம் போட்டது யார் என்று மேசை மேசையாகப் பார்த்தார். நான் கையை உயர்த்தினேன்.

சட்டையில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையில் ‘யூசுப், மியான்மர்’ என்று இருந்தது. நாற்பதைத் தாண்டியவர், ஒல்லி. பர்மிய மொழியில் ரங்கூனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். என் முகத்தை இன்னொரு தடவை பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

“நம்ம ஆளா ஊலே? முன்னாடியே சொல்லக்கூடாதா? நேத்துலேர்ந்து உங்ககிட்ட இங்கிலீஷ் பேசிப் பேசி நாக்கு சுளுக்கிக்கிச்சு.”

ஊலே என்றால் மாமா. எங்கள் ஊரில் வயதில் மூத்த ஆண்கள் எல்லாரும் ஊலேதான். நான் கிறிஸ்தவன், யூசுப் முஸ்லிம், எங்கள் இரண்டு குடும்பங்களும் வேறு வேறு கடற்கரைகளிலிருந்து பர்மாவுக்குக் கப்பல் ஏறியவை. தென்கோடிக் கடலில் ஒரு முத்தச் சத்தம் எங்களைச் சேர்த்துவைத்தது.

நான் இந்தக் கப்பலில் இருந்ததே தற்செயல். நியூசிலாந்தில் இருக்கும் தங்கை மகன் தனக்காகப் பதிவு செய்த இடம் இது. அவன் மனைவிக்குக் குழந்தை முன்னதாகவே பிறந்துவிட்டது. குழந்தையைப் பார்க்கப் போன என்னை, வீட்டில் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்று கப்பலேற்றிவிட்டார்கள். செய்தித்தாளில் துணையாசிரியனாக ஆயுளைக் கழித்தவன் நான். மற்றவர்கள் பார்த்து எழுதியதைத் திருத்துவதுதான் என் தொழில். பெங்குவினைப் பற்றிய செய்திகளையும் திருத்தியிருக்கிறேன். பெங்குவினைப் பார்த்ததில்லை.

அன்று பிற்பகல் எல்லாப் பயணிகளும் தங்கள் உடுப்புகளோடு கூடத்துக்கு வரவேண்டும் என்று அறிவித்தார்கள். நாங்கள் போகும் மக்குவாரி தீவு, நியூசிலாந்துக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் தனியாகக் கிடக்கும் ஒல்லியான நிலம். மரம் கிடையாது, ஊர் கிடையாது. ஓர் ஆராய்ச்சி நிலையம், காவலர்கள் சிலர், மற்றபடி பறவைகளும் சீல்களும். வெளியிலிருந்து ஒரு புல்விதைகூட அங்கே போய்ச் சேரக்கூடாது. எலி, முயல், பூனை என்று மனிதர்கள் கொண்டுபோய்விட்டதையெல்லாம் ஒழித்து முடிக்கப் பல வருடம் ஆனதாம்.

பயணக்குழுத் தலைவி ஹெலன், நியூசிலாந்துக்காரர், வெயிலில் வெந்த முகம். பைகளின் மூலைமுடுக்குகளைத் தூசு உறிஞ்சியால் சுத்தம் செய்யச் சொன்னார். என் கோட்டுப் பையிலிருந்து குறடு போட்டு எதையோ எடுத்து விளக்கில் காட்டினார்.

“இது என்ன?”

சூரியகாந்தி விதைத் தோல். ரங்கூனில் வரிசையில் நிற்கும்போதும் படகுக்குக் காத்திருக்கும்போதும் கொறிப்பது. மிங்கலாடோன் விமான நிலையத்தில் கொறித்தது கடல் தாண்டி வந்திருக்கிறது. ஹெலன் அதை ஓர் உறையில் போட்டு ஒட்டினார். பல் மருத்துவர் என் காதருகே குனிந்து, “முத்தம் தருகிறார், விதையும் கடத்துகிறார்” என்றார்.

இரண்டாம் நாள் கடல் எழுந்தது. மேசைகளில் வழுக்காத விரிப்புகள் போட்டார்கள். பாதி நாற்காலிகள் காலி. எனக்கும் வயிறு சரியில்லை. யூசுப் ஒரு கிண்ணத்தில் சோறும், மேலே கொஞ்சம் பலாச்சாங்கும் கொண்டுவந்து வைத்தார். காய்ந்த இறாலும் பூண்டும் மிளகாயும் பொரித்த எங்கள் ஊர்த் தொடுகறி.

“பெண்சாதி கட்டிக் குடுத்தது. கடைசிப் பாட்டில். சாப்பிடுங்க ஊலே, வயிறு அடங்கும்.”

“உனக்கு?”

“நான்தான் ஊருக்குப் போறேனே. இந்தச் சுற்றோட ஒப்பந்தம் முடியுது.”

திரும்பி வருவாயா என்று கேட்டேன். இல்லையாம். மிங்கலாடோனில் மச்சானோடு சேர்ந்து தேநீர்க்கடை போடப்போகிறார். கப்பல் வாழ்க்கை போதும் என்று மனைவி முடிவாகச் சொல்லிவிட்டார்.

சோறு இறங்கியதும் மேல்தளத்துக்குப் போனேன். கப்பலின் பின்னால் ஆல்பட்ராஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது. இறக்கையை விரித்துப் பிடித்ததோடு சரி, அசைக்கவே இல்லை. அலையின் பள்ளத்துக்குள் சாய்ந்து மறைந்து, அடுத்த முகட்டில் வெளியே வந்தது. என் சட்டைப்பையில் ஒரு துண்டு ரொட்டி இருந்தது. கை அதை எடுத்தும்விட்டது. கியாக்தானில் ஆற்று நடுவே உள்ள புத்தர் பகோடாவுக்குப் போகிறவர்கள் கெளுத்திமீனுக்குத் தீனி போடாமல் திரும்புவதில்லை. ரங்கூன் படகுத்துறையில் குளிர்காலக் கடற்காகங்களுக்கும் அப்படித்தான். போடுவது புண்ணியம். இங்கே போடுவது குற்றம். ரொட்டியை நானே தின்றேன்.

மாலையில் யூசுப் என் அறையைச் சுத்தம் செய்ய வந்தபோது, ஆல்பட்ராஸைப் படம் எடுத்ததைக் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்தார். அனுப்ப முடியுமா என்று கேட்டார்.

“யாருக்கு?”

“மகளுக்கு. ஹஸீனா. எட்டு வயசு. இந்தப் பருவம் முழுக்க உங்களை மாதிரி ஆளுங்க எடுத்த படம்தான் அவளுக்குப் போய்க்கிட்டிருக்கு. அவ இப்ப விவரமாயிட்டா. போன மாசம் கேக்குறா, எல்லாப் படத்திலயும் பெங்குவின் இருக்கு, வாப்பா எங்க இருக்கீங்கன்னு.”

“நீ இறங்கினதே இல்லையா?”

“சமையலறைச் சன்னல்லேர்ந்து பாத்திருக்கேன். வெள்ளையாப் புள்ளி புள்ளியாத் தெரியும்.”

பணியாளர்களைக் கரைக்கு அழைத்துப் போவதில்லையா என்று கேட்டேன். போவார்களாம். பயணிகள் திரும்பிய பின் நேரமும் வானிலையும் இடம் கொடுத்தால் ஒரு படகு பணியாளர்களுக்கு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஹெலனே வந்து கேட்பாராம்.

“நீ என்ன சொன்னே?”

“பரவாயில்லைன்னேன்.”

“ஏன்?”

யூசுப் தலையணையைத் தட்டித் தட்டிச் சரிசெய்தார். “வேற என்ன சொல்றது ஊலே? கேட்ட உடனே ஆமான்னு பாயறதா? வேணாம், மத்தவங்க போகட்டும்னு சொன்னேன். அவங்க திரும்பக் கேப்பாங்கன்னு நின்னேன். சரின்னுட்டுப் போயிட்டாங்க. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். ஒரே ஒரு தரம்தான் கேக்குறாங்க!”

அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. எனக்கு அது புரிந்தது. எங்கள் ஊரில் ஒருவர் வீட்டுக்குப் போனால் தேநீர் வேண்டாம் என்போம். சாப்பாடு வேண்டாம் என்போம். இரண்டாவது தடவையும் வேண்டாம்தான். மூன்றாவதாகக் கேட்கும்போது, அவர்கள் மனத்தை நோகடிக்கக்கூடாது என்பதற்காகச் சம்மதிப்பதுபோலச் சம்மதிப்போம். முதல் ‘வேண்டாம்’ பதிலாகாது. அது கைகூப்புவதைப் போல ஒரு மரியாதை.

“நீயே போய்ச் சொல்லேன், வர்றேன்னு.”

“வேணாம்னு சொல்லிட்டு, அப்புறம் போய் நிக்கிறதா? ஆனாடே ஊலே.”

அடுத்தவருக்குச் சங்கடம் தருகிறோமே என்று கூசுவதைப் பர்மிய மொழியில் அப்படிச் சொல்வார்கள். ரங்கூன் தமிழிலும் அதற்கு வேறு சொல் கிடையாது. அந்தச் சொல்லோடு யூசுப் குப்பைக் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாம் நாள் தீவு தெரிந்தது. மூடுபனிக்கு அடியில் பச்சை நிறச் சரிவு, கீழே கறுப்பு மணல், மணலில் வெள்ளைக் கோடு. கோடு அசைந்தது. தொலைநோக்கியில் பார்த்தால் அத்தனையும் பெங்குவின். காற்று எங்கள் பக்கம் திரும்பியதும் வாடை வந்தது. காலை நேரத்து மீன்சந்தையில் வெயில் ஏறினால் வருமே, அந்த வாடை. மற்ற பயணிகள் மூக்கை மூடினார்கள். எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது.

கரைக்குப் போகமுடியவில்லை. ரப்பர் படகை இறக்கினார்கள். அலை அதைக் கப்பலின் பக்கவாட்டில் இருமுறை அறைந்தது. ஹெலன் கையைக் குறுக்கே வீசினார். இன்று இல்லை. நாளை ஒரு நாள்தான் மிச்சம். நாளையும் இப்படியே இருந்தால் திரும்பவேண்டியதுதான். சாப்பாட்டுக் கூடத்தில் புலம்பல். யூசுப் ரொட்டிக் கூடையோடு போய்வந்துகொண்டிருந்தார். வட்டச் சன்னல் ஒன்றைக் கடக்கும்போதெல்லாம் அவர் நடை அரைக்கணம் தாமதித்தது.

சாப்பாட்டுக்குப் பின் ஹெலனைத் தளத்தில் பிடித்தேன். யூசுபைப் பற்றிக் கேட்டேன்.

“யூசுபா? ஒவ்வொரு சுற்றிலும் கேட்கிறேன். வேண்டாம் என்கிறார். குளிர் பிடிக்காதுபோல.”

“எத்தனை தடவை கேட்பீர்கள்?”

“ஒரு தடவை. ஒருவர் வேண்டாம் என்ற பிறகு திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவு இல்லையா?”

ஹெலனும் மரியாதைக்காரர்தான். ஒரு பருவம் முழுக்க இவருடைய மரியாதையும் அவருடைய மரியாதையும் ஒன்றுக்கொன்று வழிவிட்டு நின்றதில், யூசுப் கப்பலிலேயே தங்கிவிட்டார். நான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொன்னேன். ஹெலன் மூன்று விரல்களை உயர்த்திக் காட்டினார்.

“மூன்று தடவையா?”

“மூன்றாவதில் பதில் வரும்.”

அவர் அப்போதே கூடத்துக்குப் போனார். யூசுப் மேசை துடைத்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்றுகொண்டேன். ஆங்கிலத்தில் நடந்த அந்த உரையாடலைத் தமிழில் தருகிறேன்.

“யூசுப், நாளை பணியாளர் படகு போனால் வருகிறீர்களா?”

“பரவாயில்லை, மேடம். மற்றவர்கள் போகட்டும்.”

ஹெலன் நகரவில்லை. “நாளை கரைக்கு வருகிறீர்களா, யூசுப்?”

யூசுபின் கைத்துணி நின்றது. “இங்கே வேலை இருக்கிறது, மேடம்.”

“யூசுப்,” என்றார் ஹெலன், வருகைப் பதிவேட்டில் பெயர் வாசிக்கும் தொனியில். “நாளை கரைக்கு வருகிறீர்களா?”

யூசுப் ஹெலனைப் பார்த்தார். ஹெலனுக்குப் பின்னால் கதவருகே நின்ற என்னைப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

“நீங்கள் இவ்வளவு சொல்லும்போது,” என்றார், “வருகிறேன்.”

ஹெலன் வெளியே வந்ததும் என்னிடம், “அடேயப்பா, உங்கள் ஊரில் கல்யாணம் பேசி முடிக்க எவ்வளவு நாளாகும்?” என்று கேட்டார்.

மறுநாள் கடல் தணிந்திருந்தது; முழுவதும் அல்ல. காலணிகளைக் கிருமிநாசினித் தொட்டியில் நனைத்துத் தேய்த்துப் படகில் இறங்கினோம். இறங்கும்போது அலை ஒன்று என் மடியிலேயே உட்கார்ந்தது. ரங்கூன் ஆற்றைத் தாண்டித் தாலாவுக்குப் போகும் சம்பான் படகுகளில் நனைந்து பழகியவன்தான். ஆனால் அந்த ஆற்றுநீர் வெதுவெதுப்பானது. இது எலும்பைத் தேடிப்போனது.

கரை இறங்கும் இடத்தில் யானை சீல்கள் கிடந்தன. அரிசி மூட்டைகளை இறக்கி அடுக்காமல் போட்டுவிட்டுப் போனதுபோல ஒன்றன்மேல் ஒன்றாக. தோல் உரியும் காலமாம். பழைய தோல் திட்டுத் திட்டாகப் பிய்ந்து தொங்கியது. ஒன்று வாயைத் திறந்து, அடைபட்ட சாக்கடை திறந்துகொண்டதுபோல ஏப்பம் விட்டு, எங்களைப் பார்த்தபடியே தூங்கிப்போனது. அதைச் சுற்றி வளைத்துப் போனோம்.

ஹெலன் விதிகளைச் சொன்னார். ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். உட்காரக்கூடாது, மண்டியிடக்கூடாது, பையைத் தரையில் வைக்கக்கூடாது. பறவைக் காய்ச்சல் பயம். உரக்கப் பேசக்கூடாது. அவை தாமாக அருகே வந்தால் அசையாமல் நிற்கவேண்டும்.

அவை வந்தன. ராஜ பெங்குவின்கள் இடுப்பு உயரம், காதோரம் மஞ்சள். அலுவலகம் போகிறவர்கள் பேருந்துக்கு நிற்பதுபோல, சுத்தமான சட்டையோடு, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. பேருந்து வராது என்று தெரிந்ததும் கூட்டமாக இடம் மாறி நின்றன. பழுப்புக் கம்பளி போர்த்த குஞ்சுகள் தாயைவிடப் பருமனாக இருந்தன. ஓடைப் பக்கம் ராயல் பெங்குவின்கள் என்ற வேறோர் இனம்: வெள்ளை முகம், கலைந்த மஞ்சள் புருவம். ஒன்றின் கூழாங்கல்லை இன்னொன்று தூக்கிக்கொண்டு போனது. பறிகொடுத்தது பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியது. புதர்ப்புல் மேட்டில் ஒரு ஸ்கூவா, பழுப்புக் கொள்ளைக்காரப் பறவை, கண்ணை எடுக்காமல் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

பல் மருத்துவர் அழுதார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “காற்று” என்றார். ஆமாம் என்றேன்.

பயணிகள் திரும்பும் வேளையில் காற்று உண்மையாகவே எழுந்தது. பணியாளர் படகு வருமா என்று தெரியவில்லை. ஹெலன் கம்பியில்லாக் கருவியில் கப்பலோடு வாதாடிக்கொண்டிருந்தார். படம் எடுத்துத் தருவதாக யூசுபிடம் வாக்குக் கொடுத்திருந்ததால் கடைசிப் படகுவரை நிற்க அனுமதி வாங்கியிருந்தேன். நின்றேன். கடைசியில் ஒரு படகு அலைமேல் துள்ளிக்கொண்டு வந்தது. அதில் சமையல்காரர்கள் இருவர், இயந்திர அறையாள் ஒருவர், முனையில் யூசுப். பயணிகளுக்குக் கொடுக்கும் சிவப்புக் கோட்டை யாரோ இரவல் கொடுத்திருந்தார்கள். முழங்கால்வரை தொங்கியது.

“கால் மணி நேரம்” என்றார் ஹெலன். “கையைக் காட்டினால் வந்துவிடவேண்டும்.”

யூசுப் தன் போனை என்னிடம் நீட்டினார். “முகம் தெரியணும் ஊலே. அதான் முக்கியம். முகமும் பெங்குவினும்.” கரையில் கால் வைப்பதற்குமுன், தொழுகைக்குமுன் ஒளு செய்கிறவர்போல, காலணியை ஒன்றன்பின் ஒன்றாக அலையில் இன்னொரு தரம் அலம்பிக்கொண்டார்.

நடந்தார். நான் பின்னால் போனேன். பெங்குவின்களுக்கு ஐந்து மீட்டர் முன்னால் சரியாக நின்றார். நான் போனை உயர்த்திக் காத்திருந்தேன், திரும்புவார் என்று. திரும்பவில்லை. ராஜ பெங்குவின் ஒன்று கூட்டத்திலிருந்து பிரிந்து அவரை நோக்கி வந்தது. கோட்டின் நுனியைப் பார்த்தது. காலணியைப் பார்த்தது. கழுத்தை நீட்டி, அவர் முகத்தைப் பார்த்தது. கொஞ்சம் தள்ளி இன்னும் நாலைந்து வந்து நின்றன. யூசுப் இரண்டு கைகளையும் உடலோடு ஒட்டிவைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

படகுப் பக்கம் ஹெலன் கையை உயர்த்திவிட்டார். நான் எடுத்திருந்த படங்களிலெல்லாம் முதுகு. கத்தக்கூடாது. யோசிக்காமல், உதடுகளைக் குவித்து, தேநீர்க்கடைச் சத்தம் எழுப்பினேன்.

பெங்குவின்கள் அத்தனையும் திரும்பி என்னைப் பார்த்தன.

யூசுப் திரும்பவில்லை. வலது கை மட்டும் மெல்ல உயர்ந்தது; உள்ளங்கை என் பக்கம். அவசரக்கார வாடிக்கையாளரிடம் இரு, வருகிறேன் என்று காட்டும் கை. அப்படியே நின்றது. நான் பொத்தானை அழுத்தினேன்.

அதற்குள் மணலில் நுரை ஏறத் தொடங்கிவிட்டது. ஹெலன் இரண்டு கைகளையும் வீசினார். ஓடாமல், ஆனால் வேகமாக நடந்தோம். இன்னொரு படத்துக்கு நேரமில்லை. படகில் யூசுப் மறுபடி முனையில் போய் உட்கார்ந்தார். அவர் முகம் நனைந்திருந்தது. எங்கள் எல்லார் முகமும் நனைந்துதான் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டுக்கு வழக்கம்போலக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு சூப் கொண்டுவந்தார். பல் மருத்துவர் எழுந்து நின்று அவருக்கு நாற்காலியை இழுத்துப்போட்டார். “பரவாயில்லை, மேடம்” என்றார் யூசுப். மருத்துவர் இன்னும் இருமுறை கேட்டார். கப்பல் முழுக்கச் செய்தி பரவிவிட்டிருந்தது.

நியூசிலாந்துத் துறைமுகம் வந்ததும் போன்களுக்கு உயிர் வந்தது. இறங்குபடிக்கு அருகில் யூசுப் நின்றிருந்தார், பெட்டியோடு. படம் போய்விட்டதாம். மகளின் பதிலும் வந்துவிட்டதாம். ஆனால் முகம் சுருங்கியிருந்தது.

“நம்ப மாட்டேங்குறா ஊலே. சிவப்புக் கோட்டுல யாரோ நிக்கிறாங்கன்னு சொல்றா. நீங்க சொல்லுங்க. பேப்பர்ல இருந்தவர் சொன்னா நம்புவா.”

போனை வாங்கிக் குரல்செய்தி பதிந்தேன். என் பெயரைச் சொன்னேன். அந்த இடத்தில் நின்றேன், கூப்பிட்டுப் படம் எடுத்தது நான், படத்தில் இருப்பது உன் வாப்பா என்றேன். தொழில்நாட்களில் ஒரு செய்தியைத் திருத்தும்போது நான் கேட்டிருக்கக்கூடிய எல்லாக் கேள்விகளுக்கும் அதில் பதில் இருந்தது.

பதில் உடனே வந்தது. அவளுக்குத் தமிழ் புரியும். பேசுவது பர்மிய மொழியில்தான். கூர்மையான, சந்தேகம் தீராத குரல்.

“சரி. பெங்குவின் எல்லாம் திரும்பிப் பார்க்குது. வாப்பா மட்டும் ஏன் பார்க்கல? கூப்பிட்டது கேட்கலையா?”

நான் யூசுபைப் பார்த்தேன். அந்தக் கேள்வி எனக்கும் இருந்தது. அவர் போனை வாங்கி வாயருகே வைத்துக்கொண்டார்.

“கேட்டுச்சும்மா,” என்றார். “அன்னிக்கு வாப்பாவுக்கு லீவு.”